வெள்ளையில் இரண்டு சீற்

எங்கள் சனத்துக்கு ஒரு பழக்கம் இருக்கிறது. முகத்துக்கு நேரே ஒருத்தனை வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். கலியாணத்துக்குக் கூப்பிட விருப்பமில்லையென்றால் காட் தபாலில் தொலைந்துபோகும். வாடகைக்கு இருக்கிறவனை எழுப்ப வேண்டுமென்றால் குளியலறையைத் திருத்தத் தொடங்குவார்கள். பத்தொன்பது வருடம் கூட வேலை செய்தவனை நிற்பாட்ட வேண்டுமென்றால் என்ன செய்வார்கள் என்பது எனக்குப் போன வருடம்தான் தெரிந்தது. இரண்டு சீற் மட்டும் உள்ள ஒரு பிக்கப் வாங்குவார்கள்.

நான் குரோய்டனுக்குக் கிட்ட மிச்சம் என்கிற ஊரில் கடை வைத்திருக்கிறவன். பெயர் செபஸ்தியாம்பிள்ளை, மன்னார்ப் பக்கம். மரக்கறி, மீன், பால், பூசைச் சாமான் எல்லாம் வைத்திருக்கிறேன். ஞாயிறு கோயிலுக்குப் போகிறவன் கற்பூரம் விற்கலாமோ என்று என் மனுசி லூர்தம்மா முதலில் முகத்தைச் சுளித்தாள். இப்போது அவளே ஓடர் போடுகிறாள். விடிய ஐந்தரைக்குக் கடை திறந்துவிடுவேன். வேலைக்குப் போகிறவர்களுக்குப் பிளேன்ரீயும் ரோல்ஸும் அந்த நேரத்தில்தான் ஓடும். ஆறு மணிக்குக் கோபாலகிருஷ்ணன் வருவான். மழையோ பனியோ, நான் வாழைப்பழப் பெட்டி அடுக்குகிற இடத்துக்குப் பக்கத்தில் சாப்பாட்டுப் பெட்டியோடு நிற்பான். ஆறு பத்துக்குத் தியாகராஜாவின் நீல வான் வரும். கோபால் ஏறுவான். பத்தொன்பது வருடமாக இதுதான் நடந்தது.

தியாகராஜாவின் தொழில் வேலி அடிப்பது. வீட்டுப் பின்வளவுகளில் உக்கிப்போன பழைய கட்டைகளைக் கிண்டி எடுத்து, கொங்கிறீற் போஸ்ற் நட்டு, ஆறடிப் பலகைப் பனலை இடையில் இறக்க வேண்டும். கேட்கச் சுகமாக இருக்கும். தை மாதத்து ஈரக் களிமண்ணில் மூன்றடிக் குழி ஒன்று கிண்டிப் பார்த்தால் தெரியும். அந்தக் குழிகள் எல்லாம் கோபால் கிண்டியவை. ஒருமுறை தியாகராஜா வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டு நான்கு மாதம் படுக்கையில் கிடந்தான். அந்த நான்கு மாதமும் கோபால் தனியாக வானை ஓட்டி, ஒரு வேலையும் கைவிட்டுப் போகாமல் முடித்துக் கொடுத்தான்.

இப்போது அவன் ஓட்டுவதில்லை. சீனி வருத்தம் கண்ணைப் பிடித்துவிட்டது. லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டான். வயது அறுபத்தொன்று. முழங்கால் இரண்டும் சரியில்லை. பிள்ளையில்லை. அவனுக்கும் மனுசி சுசிலாவுக்கும் அந்த வேலைதான் சோறு. ஆனால் எங்கள் பக்கத்தில் யார் வாகனம் வாங்கினாலும் கோபாலைத்தான் கூட்டிக்கொண்டு போவார்கள். ஊரில் லொறி ஓட்டியவன். சண்டையில் உதிரிப் பாட்ஸ் ஒன்றும் வராத காலத்தில் லொறியை ஓடவைத்தவன். ஒரு சின்னச் சுத்தியலும் ஒரு டோர்ச்சும் கொண்டுபோய், காட்போட் அட்டையை விரித்து வாகனத்துக்குக் கீழே படுப்பான். அவன் எடு என்றால் எடுப்பார்கள், விடு என்றால் விடுவார்கள். என் வானும் அவன் பார்த்துச் சொன்னதுதான். இன்றைக்கும் ஓடுகிறது.

போன வருடம் தியாகராஜாவின் மகன் அபிஷன் தொழிலுக்குள் வந்தான். யூனியில் பிஸ்னஸ் படித்தவன், ஒரு வருடம் வேலை தேடிக் களைத்தவன். வந்தவுடன் குழி கிண்ட ஒரு மெஷின் வாங்கினான். வானில் முன்னால் மூன்று சீற் இருந்தபடியால் அபிஷன் நடுவில் இருந்தான், கோபால் கதவோரம். அந்த நீல வான் பழைய டீசல். யூலெஸ் என்கிற புகைச் சட்டம் வந்த பிறகு றோட்டில் இறக்குகிற ஒவ்வொரு நாளும் கட்டணம் கட்ட வேண்டும். அந்த ஆவணியில் எம்.ஓ.ரி. என்கிற வருடாந்த வாகனச் சோதனையும் பெயில் போகப்போகிறது என்று தெரிந்ததும், விற்றுவிட்டு ஒரு பெரிய பிக்கப் எடுப்பதாக முடிவுசெய்தார்கள்.

ஒரு வியாழக்கிழமை பின்னேரம் அபிஷன் என் கவுண்டரில் போனை வைத்து இரண்டு படம் காட்டினான். குரோய்டனுக்கு அங்கால் பழைய வாகனம் விற்கிற ஒரு யாட்டில் நிற்கிற பிக்கப்புகள். ஒரே கொம்பனி, ஒரே வருடம். ஒன்று வெள்ளை, ஒன்று கறுப்பு.

"அங்கிள், எது நல்லது சொல்லுங்கோ," என்றான். "வெள்ளை சிங்கிள் கப். அறுபதாயிரம் மைல்தான் ஓடியிருக்கு. பின்பெட்டி ஏழரை அடி. ஆறடிப் பனலை நிமித்தி வைச்சுக் கதவை மூடலாம். கறுப்பு டபிள் கப். பின்னுக்கும் சீற் இருக்கிறபடியா பெட்டி அஞ்சடிதான். பனல் வெளியால நீட்டிக்கொண்டு நிக்கும். மைலும் டபிள்."

"வெள்ளையில எத்தினை பேர் இருக்கலாம்?"

"ரெண்டு."

"நீங்கள் மூண்டு பேரெல்லோ?"

அவன் போனைப் பார்த்தபடியே சிரித்தான். கெட்ட பிள்ளை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

"அதுதான் அங்கிள் விசயம். மூண்டு மாசமா அப்பா இண்டைக்குச் சொல்லுறன், நாளைக்குச் சொல்லுறன் எண்டுறார். அவரால ஏலாது. மெஷின் இருக்கேக்க ரெண்டு பேர் காணும். கோபால் அங்கிளுக்கு முழங்காலும் போச்சு. ரெண்டு சீற் வண்டி எண்டால் ஒருத்தரும் ஒண்டும் சொல்லத் தேவையில்லை. அவருக்கே விளங்கும்."

"அவனையோ கூட்டிக்கொண்டு போறியள் பாக்க?"

"ஓம், சனிக்கிழமை. அவர் பாக்காமல் எப்பிடி வாங்கிறது?"

எனக்குச் சோடாப் போத்திலை எடுத்து அவன் தலையில் போட வேண்டும் போல் இருந்தது. ஒருத்தனை வேலையை விட்டு அனுப்பப் போகிற வண்டிக்கு அவனையே சோதித்துப் பார்க்கக் கூப்பிடுகிறார்கள். இதில் ஒரு கூச்சமும் இல்லை. வாயை மூடிக்கொண்டு பில் போட்டேன்.

அடுத்த நாள் விடிய ஆறு மணிக்குக் கோபால் வந்தான். பிளேன்ரீயைக் கொடுத்தேன். மனம் கேட்கவில்லை, சொல்லிவிட்டேன். இன்றுவரைக்கும் நான் செய்த பிழைகளை எண்ணினால் அதைத்தான் முதலாவதாக வைப்பேன். ஆனால் அன்றைக்கு அது நல்லதென்றுதான் நினைத்தேன்.

"கோபால், நாளைக்கு நீர் பாக்கப்போற வண்டியில ஒண்டுக்கு ரெண்டு சீற்தான், தெரியுமோ?"

"சிங்கிள் கப் எண்டால் ரெண்டுதான்."

"தேப்பன் ஒண்டு, மகன் ஒண்டு. நீர் எங்கை இருக்கிறது?"

அவன் ஊதி ஊதித் தேத்தண்ணியைக் குடித்தான். கோப்பையில் பாதி முடிந்த பிறகு கேட்டான்.

"ராசா சொன்னவனோ?" தியாகராஜாவை அவன் அப்படித்தான் கூப்பிடுவான்.

"ராசா சொல்லுவானோ? பெடியன் சொன்னவன். அதுக்காகத்தான் அந்த வண்டியையே எடுக்கினம்."

"ம்."

"நீர் யோசியாதையும். உம்மட வாயைத்தானே அவன் பாத்துக்கொண்டிருக்கிறான். கறுப்பை எடு எண்டு சொல்லும். விசயம் முடிஞ்சுது."

கோபால் என்னை ஒரு மாதிரிப் பார்த்தான். "என்ன செபஸ்தி விசர்க் கதை கதைக்கிறீர். வண்டியைப் பாக்காமல் எப்பிடிச் சொல்லுறது? வெள்ளை நல்லதெண்டால் வெள்ளையைத்தான் சொல்லுவன்."

"உம்மட வேலை போகுதப்பா."

"அது வேற. இது வேற."

நீல வான் வந்தது. அவன் கோப்பையை வாழைப்பழப் பெட்டியின் மேல் வைத்துவிட்டு ஏறினான்.

சனிக்கிழமை நடந்ததை நான் கண்ணால் காணவில்லை. ஆனால் மூன்று பேரும் தனித்தனியாக என் கவுண்டரில் வந்து சொன்னார்கள். கடைக்காரனிடம் எல்லோரும் சொல்லுவார்கள். மூன்று பேர் சொன்னதிலும் ஒத்துப்போவதைத்தான் இங்கே சொல்கிறேன்.

போகிற வழியில் குரோய்டனில் குடிவரவுக் கந்தோரின் பெரிய கட்டடம் வரும். தியாகராஜாவும் கோபாலும் முதன்முதல் சந்தித்தது அதன் வாசலில்தான். அகதி விண்ணப்பத்துக்கு வரிசையில் நின்றபோது தியாகராஜாவுக்கு வயிற்றைக் கலக்கி ஓட வேண்டி வந்தது. கோபால் அவனுக்கு இடம் பிடித்து வைத்தான். திரும்பி வந்தபோது பின்னால் நின்றவர்கள் சத்தம் போட்டார்கள். கோபால் தன் இடத்தை அவனுக்கு விட்டுவிட்டு வரிசையின் கடைசிக்குப் போனான். கோபால் இதைச் சொன்னதேயில்லை. தியாகராஜாதான் முன்பு வெறி போட்டால் ஒவ்வொரு பார்ட்டியிலும் சொல்லுவான். அன்றைக்கு அந்தக் கட்டடத்தைத் தாண்டும்போது அவன் றேடியோச் சத்தத்தைக் கூட்டி வைத்தான் என்று அபிஷன் சொன்னான்.

யாட்காரன் ஒரு தடித்த வெள்ளைக்காரன். இரண்டு பிக்கப்பையும் கழுவி நிறுத்தியிருந்தான். வெள்ளை பளபளவென்று நின்றது. கறுப்பின் பக்கத்தில் ஒரு நீளக் கீறல், உள்ளே நாய் மயிர். கண்ணுள்ள எவனும் வெள்ளையைத்தான் எடுப்பான்.

கோபால் கறுப்புக்குக் கீழே முதலில் படுத்தான். பத்து நிமிடம் தட்டிப் பார்த்தான். எழும்பி எஞ்சினைப் போடச் சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். பிறகு காட்போட்டை இழுத்து வெள்ளைக்குக் கீழே போட்டான். அங்கே அரை மணித்தியாலம் கிடந்தான். யாட்காரன் மணிக்கூட்டைப் பார்த்தான். கோபால் வெளியே வந்து கதவைத் திறந்து, சீற்றுக்குக் கீழே விரித்த றப்பரைக் கிளப்பினான். விரலால் தடவி எடுத்து உள்ளங்கையில் போட்டுத் தியாகராஜாவிடம் காட்டினான். வெள்ளை மணல்.

"ராசா, இது வள்ளம் இழுத்த வண்டி," என்றான். "கடற்கரையில நிண்டது. வள்ளத்தைத் தண்ணியில இறக்கேக்க பின்சில்லு ரெண்டும் உப்புத் தண்ணிக்குள்ள நிக்கும். கழுவாமல் விட்டிருக்கிறாங்கள். பின் அச்சுக்கு மேல சசிஸ் உக்கிப்போச்சு."

சசிஸ் என்றால் முழு வண்டியையும் தாங்குகிற அடி இரும்புச் சட்டம். அது போனால் வண்டி போனது.

"அடியைப் பாக்கக் கறுப்பா, புதுசு மாதிரித்தானே கிடக்கு," என்றான் தியாகராஜா குனிந்து பார்த்து.

"அது போன மாசம் பூசின தார். உக்கலை மூடிக் கிடக்கு. இந்தா, சுத்தியலைப் பிடி. முன்னுக்குத் தட்டு. மணி மாதிரிக் கேக்குதே? இப்ப பின்னுக்குத் தட்டு. பலகையில தட்டினது போலக் கேக்கும்."

தியாகராஜா தட்டினான். கேட்டதா என்று நான் பிறகு அவனிடம் கேட்டேன். "கேட்ட மாதிரியும் இருந்தது, கேக்காத மாதிரியும் இருந்தது," என்றான்.

"அப்ப கறுப்பு?"

"கறுப்பு கன மைல் ஓடின வண்டிதான். ஆனா றோட்டில ஓடினது. அடி சுத்தம். எஞ்சின் சத்தமில்லை. பெட்டி சின்னன் எண்டால் மேல ஒரு கம்பி றக் அடிச்சுப் பனலை ஏத்தலாம். எடுக்கிறதெண்டால் கறுப்பை எடு. வெள்ளையை விடு."

தியாகராஜா மகனைப் பார்த்தான். மகன் போனைக் காற்சட்டைப் பைக்குள் வைத்தான்.

"அங்கிள், உங்களுக்கு ஆராவது சீற் விசயம் சொன்னதோ?"

இல்லை என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் எல்லாம் சரியாகப் போயிருக்கும். எங்கள் ஊரில் பொய் சொல்லாத மனிசனை நான் விரல்விட்டு எண்ணுவேன், நானும் அதில் இல்லை. அவசியமான அந்த ஒரு நாளில் இந்த மனிசனுக்குப் பொய் வரவில்லை.

"ஓம். செபஸ்தி சொன்னவன். அதுக்கும் சசிஸுக்கும் என்ன சம்பந்தம்?"

யாட்காரனுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் ஏதோ நடந்துவிட்டது என்று அவனுக்கே விளங்கித் தள்ளிப்போய் நின்றானாம்.

"நீ இதை முதலே சொல்லியிருக்கலாம் கோபால்," என்றான் தியாகராஜா.

"எதை?"

"உனக்குத் தெரியுமெண்டு."

"நீயும் சொல்லியிருக்கலாம் ராசா."

அதற்குப் பிறகு தியாகராஜா கோபாலின் முகத்தைப் பார்க்கவில்லை. அபிஷன் பேப்பர்களை விரித்தான். எம்.ஓ.ரி. பாஸ். மைல் பாதி. சேர்விஸ் புத்தகத்தில் எல்லா முத்திரையும் இருக்கிறது. "பேப்பரில ஒரு பிழையும் இல்லை அப்பா. மணல் எண்டால் என்ன, ஆரோ ஹொலிடே போயிருப்பினம்," என்றான். தியாகராஜா தலையை ஆட்டினான். தன் சீற்றைக் காப்பாற்ற ஒருத்தன் நல்ல வண்டியை உக்கல் என்று சொல்கிறான் என்று அவன் மனதில் விழுந்துவிட்டது. தான் செய்கிற காரியம் தனக்கே வெட்கமாக இருந்தபடியால், எதிரில் நிற்கிறவனும் ஒரு களவு செய்கிறான் என்று நினைப்பது அவனுக்குச் சுகமாகவும் இருந்திருக்கும். இது என் எண்ணம். பிழையாகவும் இருக்கலாம்.

கையெழுத்துப் போடுகிறபோது கோபால் கடைசியாக ஒன்று சொன்னான். சத்தமாகக்கூட இல்லை.

"எடுக்கிறதெண்டால் எடு ராசா. ஆனா கொங்கிறீற் போஸ்ற் முழுக்க ஏத்தாதை. பின்சில்லுக்கு மேல முறியும்."

நீல வானை யாட்காரன் கழிவுக்கு எடுத்துக்கொண்டான். வானில் இருந்த சாமான்களை மூன்று பேருமாக வெள்ளையின் பின்பெட்டியில் ஏற்றினார்கள். வேலைச் சாமான் வைக்கிற கோபாலின் ஆயுதப் பையும் அதற்குள் போனது. தேப்பனும் மகனும் ஏறி இருந்தார்கள். தியாகராஜா கண்ணாடியை இறக்கினான்.

"நீ ட்ராமில வாறியே?"

"ஓம், வாறன்," என்றான் கோபால்.

அன்றைக்குப் பின்னேரம் அபிஷன் அந்த ஆயுதப் பையைக் கொண்டுவந்து என் கவுண்டருக்குப் பக்கத்தில் வைத்தான். "கோபால் அங்கிள் வந்தால் குடுங்கோ," என்றான். பை பாரமாக இருந்தது. மட்டப் பலகை, கூர்க் கம்பி, அந்தச் சின்னச் சுத்தியல்.

ஞாயிறு காலை தவநாயகி வந்தாள். தியாகராஜாவின் மனுசி. லூயிஷாம் சிவன் கோயிலுக்கு வண்டியைக் கொண்டுபோய்ப் பூசை செய்ய நாலு தேசிக்காயும் தேங்காயும் கற்பூரமும் கேட்டாள். புது வாகனத்தின் சில்லுக்குக் கீழே தேசிக்காய் வைத்து நசித்துக்கொண்டுதான் முதல் ஓட்டம் ஓடுவார்கள். தேசிக்காயை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்துப் பொறுக்கினாள். பிறகு தலையை நிமிர்த்தாமலே கேட்டாள்.

"செபஸ்தியண்ணை, நீங்கள் ஏன் உந்த வேலை பாத்தனீங்கள்?"

"என்ன வேலை பிள்ளை?"

"கோபாலண்ணைக்கு ஏன் போய்ச் சொன்னனீங்கள்? நீங்கள் வாயைப் பொத்திக்கொண்டு இருந்திருந்தால் அவர் வந்து பாத்து ஒரு சொல் சொல்லியிருப்பார். இவரும் கேட்டிருப்பார். இப்ப அவர் சொன்னது மெய்யோ பொய்யோ எண்டு எங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"கோபால் எப்பவாவது பொய் சொன்னவனோ?"

"சீற் போகுதெண்டால் ஆரும் சொல்லுவினம்."

"அப்ப நீங்கள் நேர சொல்லியிருக்கலாமே."

அவள் தேசிக்காயைப் பைக்குள் போட்டாள். கண் கலங்கியிருந்தது. "நான் எத்தினை தரம் சொன்னனான் இவருக்கு. கூப்பிட்டுச் சாப்பாடு குடுத்து, மரியாதையாச் சொல்லுங்கோ எண்டு. சாப்பாடு குடுத்துப்போட்டு எப்பிடியப்பா சொல்லுறது எண்டு கேக்கிறார். என்ர பிள்ளையை முதல் நாள் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனது அந்த மனிசன். எனக்கு மட்டும் விருப்பமே?"

எனக்கும் சுருக்கென்றது. அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. நான் சொல்லாமல் விட்டிருந்தால் கோபாலின் வாய்க்கு மதிப்பு இருந்திருக்கும். சீற் போனாலும் வாய் மிஞ்சியிருக்கும். நான் இரண்டையும் சேர்த்துத் தொலைத்துவிட்டேன்.

பூசை முறைப்படி நடந்தது. சந்தனம், குங்குமம், மாலை எல்லாம் வைத்தார்கள். தேசிக்காய் நான்கும் ஒரே நசியில் நசிந்தன என்று தியாகராஜா பெருமையாகச் சொன்னான். வண்டியில் இரண்டு சீற்தானே, தவநாயகி தேங்காய்ப் பாதியோடு ரெயிலில் திரும்பி வந்தாள்.

திங்கட்கிழமை ஆறு மணிக்குக் கோபால் வாழைப்பழப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றான். கையில் சாப்பாட்டுப் பெட்டி.

"என்ன கோபால், வந்திருக்கிறீர்?"

"ஒருத்தரும் வரவேண்டாம் எண்டு சொல்லேல்லையே."

நான் உள்ளே போய் ஆயுதப் பையை எடுத்து வந்து அவனுக்கு முன்னால் வைத்தேன். திறந்து பார்த்தான். எல்லாம் இருக்கிறதா என்று ஒன்றொன்றாகத் தொட்டான். பிறகு பையை மூடிக் கயிற்றைக் கட்டினான். ஆறு பத்துக்கு வெள்ளை எங்கள் றோட்டால் போனது. கண்ணாடி மூடியிருந்தது. இரண்டு பேரும் நேரே பார்த்துக்கொண்டு போனார்கள்.

"பின்பக்கம் இப்பவே ஒரு சொட்டுப் பதிஞ்சு போகுது, பாத்தனீரோ?" என்றான் கோபால்.

எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

"சுசிலா நாலு மணிக்கே எழும்பிச் சோறு கட்டினவள்," என்றான். அந்தச் சோற்றை அன்றைக்கு என் கடைப் பின்னறையில் உருளைக்கிழங்கு மூட்டையின் மேல் இருந்து சாப்பிட்டான். மரவள்ளிக்கிழங்குக் கறியும் கருவாட்டுப் பொரியலும். எனக்கும் பாதி தந்தான்.

இரண்டு கிழமையில் ஒரு கேற்றரிங்காரன் அவனை எடுத்தான். கலியாண வீடுகளுக்குச் சமைக்கிற இடம். நாள் முழுக்க நின்று வெங்காயம் உரிக்கிற வேலை. முழங்கால் இரண்டும் வீங்கிவிட்டன, கண்ணும் எரிகிறது என்று சுசிலா ஒருநாள் வந்து அழுதாள். வெங்காயம் உரிக்க வாகனம் பற்றித் தெரிந்திருக்கத் தேவையில்லை.

கார்த்திகையில் ஐந்து நாள் விடாமல் புயலும் மழையும் அடித்தன. புயலில் சாய்ந்த வேலிகளால் எல்லோருக்கும் அவசரம். தியாகராஜாவுக்குக் கை நிறைய வேலை. ஒரு சனிக்கிழமை பதினெட்டுக் கொங்கிறீற் போஸ்ற்றை வெள்ளையில் ஏற்றிக்கொண்டு நோர்வூட் ஏற்றத்தில் ஏறினார்கள். பாதி ஏற்றத்தில் ஒரு சத்தம். பின்பெட்டி சில்லின் மேல் குந்திவிட்டது. பின் கதவு பிய்ந்து, போஸ்ற் ஒவ்வொன்றாக றோட்டில் உருண்டது. பின்னால் வந்த பஸ் தூரத்தில் நின்றபடியால் ஒருத்தருக்கும் ஒன்றும் இல்லை. அபிஷன் இறங்கிப் பார்த்தபோது அடிச் சட்டம் பின்சில்லுக்கு நேர் மேலே இரண்டாக முறிந்து கிடந்ததாம். உள்ளே தார்ப் பூச்சுக்குக் கீழே இரும்பே இல்லை, பிஸ்கற் மாதிரி உதிர்ந்தது என்று அவனே சொன்னான். யாட்காரன் போன் எடுக்கவில்லை. எடுத்தபோது, நீங்கள் பாரம் கூட ஏற்றியிருக்கிறீர்கள் என்றான்.

சரி, இனியாவது புத்தி வரும் என்று நினைத்தேன். தியாகராஜா கோபாலின் வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டுவான், ஒரு மன்னிப்பாவது கேட்பான் என்று லூர்தம்மாவிடம் சொன்னேன். "நீங்கள் எத்தினை வருசம் இந்தச் சனத்துக்குச் சாமான் வித்தனீங்கள்?" என்று கேட்டுவிட்டு அவள் மீன் வெட்டப் போனாள்.

செவ்வாய்க்கிழமை பின்னேரம், இருட்டுகிற நேரத்தில் தவநாயகி வந்தாள்.

"செத்தல் மிளகாய் ஒரு பைக்கற். கல்லுப்பு. கடுகு," என்றாள்.

"வேற?"

"வேற ஒண்டும் வேண்டாம்."

மூன்றையும் எடுத்துக் கவுண்டரில் வைத்தேன். அப்போதுதான் விளங்கியது. இது கறிக்கு இல்லை. நாவூறு கழிக்க. கண்பட்டால், வாய்பட்டால், இந்த மூன்றையும் தலையைச் சுற்றி நெருப்பில் போடுவார்கள்.

"ஆருக்குப் பிள்ளை?"

"அவருக்கும் பிள்ளைக்கும்." வாசலைப் பார்த்துக்கொண்டு குரலைத் தணித்தாள். "அந்தாள் அண்டைக்கு வாயால சொன்னது. பின்சில்லுக்கு மேல முறியும் எண்டு. சொன்ன அதே இடத்தில முறிஞ்சிருக்கு அண்ணை. ஒரு இஞ்சுகூடத் தள்ளியில்லை."

போன தரம் கோபாலண்ணை. இப்போது அந்தாள்.

"அவன் பாத்துத்தானே சொன்னவன். துருப் பிடிச்சுக் கிடந்ததைக் கண்டு சொன்னவன். காப்பாத்தத்தானே சொன்னவன்."

"பாத்துச் சொன்னால் இப்பிடிச் சரியா நடக்குமே? எவ்வளவு வயித்தெரிச்சல் இருந்தால் இப்பிடிப் பலிக்கும்? பூசை செய்த வண்டி. தேசிக்காய் நசிச்ச வண்டி. என்ர பிள்ளை மயிரிழையில தப்பினது." நம்பித்தான் சொல்கிறாள். நம்பாவிட்டால் அவள் வீட்டில் ஒருத்தரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்க ஏலாது. எனக்கு அது விளங்கியது. விளங்கியபடியால் கோபம் இன்னும் கூடியது. ஆனால் என்ன சொன்னேன்? முதல் ஒருதரம் வாயைத் திறந்து பட்டது காணும் என்று இருந்துவிட்டேன்.

அந்த நேரம் பார்த்துக் கடைக் கதவு திறந்தது. கோபால். பஸ்ஸால் இறங்கி வருகிறான். அவனுக்கு முன்னால் வெங்காய மணம் வந்தது. ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் காலை வைத்தான். தவநாயகியைக் கண்டதும் அவன் முகம் மலர்ந்தது. அதை நான் கண்டேன்.

"தங்கச்சி, இப்பதான் கேள்விப்பட்டனான். ராசாவுக்கு ஒண்டுமில்லையே? பெடியனுக்குப் போஸ்ற் ஒண்டும் காலில விழேல்லையே?"

தவநாயகி மிளகாய்ப் பைக்கற்றை எடுத்து ஜக்கெற்றுக்குள் செருகிக்கொண்டாள். முகத்தை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டு, அவனில் முட்டாமல், சுவரோரமாக வெளியே போனாள்.

கோபால் அவள் போன பக்கம் பார்த்தான். பிறகு கவுண்டரைப் பார்த்தான்.

"உப்பையும் கடுகையும் விட்டிட்டுப் போறா," என்றான். கையில் எடுத்தான். எடுத்தவன் அப்படியே நின்றான். செவ்வாய்க்கிழமை, இருட்டுகிற நேரம், மிளகாய், உப்பு, கடுகு. எங்கள் சனத்தில் பிறந்தவனுக்கு இதைச் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை.

"என்ர நாவூறுக்கோ செபஸ்தி?" என்று கேட்டான்.

கறிக்கு என்று சொல்லியிருக்கலாம். எனக்குப் பொய் நன்றாக வரும். அன்றைக்கு வரவில்லை.

அவன் உப்பையும் கடுகையும் தூக்கிக்கொண்டு, ஏலாத காலோடு வெளியே போனான். "தங்கச்சி," என்று கூப்பிட்டான். நான் கண்ணாடியால் பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் திரும்பிப் பார்த்தாள். அவன் வருவதைக் கண்டதும், வருகிற காரையும் பாராமல் றோட்டைக் கடந்து ஓடினாள். அவன் வாழைப்பழப் பெட்டிக்குப் பக்கத்தில், பத்தொன்பது வருடம் நின்ற அதே இடத்தில், கையில் உப்புப் பைக்கற்றோடு நின்றான். பிறகு உள்ளே வந்து இரண்டையும் கவுண்டரில் வைத்தான்.

"ஆராவது வந்து கேட்டால் குடும்," என்றான். "மிளகாய் மட்டும் போட்டால் சரிவராது. உப்பும் சேர்த்துப் போட வேணும்."

சுசிலாவுக்குப் பாலும் பாணும் வாங்கிக்கொண்டு போனான். கால் மணித்தியாலத்தில் அபிஷன் வந்து உப்பும் கடுகும் கேட்டான். நான் எடுத்துக் கொடுத்தேன்.